சீமை அத்தி காய்த்துத் தள்ளும்போது: அறிகுறி பார்த்துக் கோளாறு தீர்க்கும் முறை

வீட்டுப் பின்புறம் நிற்கும் சீமை அத்தி நன்றாகக் காய்க்க ஆரம்பித்துவிட்டால் கோளாறுகள் ஒவ்வொன்றாக வருவதில்லை. ஒரே வாரத்தில் நாலைந்து சேர்ந்து வரும். ஒரு கிளை பாரம் தாங்காமல் தொங்கும், இன்னொன்றில் பழம் வெடிக்கும், கீழே விழுந்தது புளித்து ஈ மொய்க்கும், உச்சியில் இருப்பதைப் பறவை கொத்தும். எதை முதலில் கவனிப்பது என்று திணறிப்போகும். பல வருடமாக ஒரே மரத்தோடு பழகியதில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மருந்து தேவைப்படாது. தண்ணீர், கத்தரி, கூடை மூன்றும் சரியான நேரத்தில் மரத்தடிக்குப் போனால் போதும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே பேசுவது பெரிய, மடல் மடலான இலையோடு, இலைக்கணுவில் காய் பிடிக்கும் சீமை அத்தியைப் பற்றி. அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் நாட்டு அத்தி வேறு இனம். அதன் பழத்துக்குள் பூச்சி இருப்பது இயல்பு. வீடுகளில் வளர்க்கும் சீமை அத்தி ரகங்களில் பெரும்பாலானவை குளவி உதவி இல்லாமலே காய்ப்பவை. அதனால் பழத்தைப் பிளந்ததும் உள்ளே தெரியும் நூல் நூலான சதையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அத்தனையும் பூக்கள். அத்தியின் பூ வெளியே தெரியாது, காய்க்குள்ளேயே உட்புறமாகப் பூக்கும்.

காய் நிறைய இருக்கிறது, வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கிறது

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். பாதி நேரம் இது கோளாறே இல்லை. அத்திக்காய் மூன்று கட்டமாக வளரும். முதலில் பிஞ்சு வேகமாகப் பெருக்கும். அப்புறம் கல் மாதிரி இறுகி, அளவும் மாறாமல் நிறமும் மாறாமல் பல வாரம் அப்படியே நிற்கும். கடைசியில் ஒரு நாள் திடீரென்று ஊதத் தொடங்கி, சில நாட்களிலேயே பருத்து, நிறம் மாறி, தொங்கிவிடும். சர்க்கரையில் பெரும்பங்கு ஏறுவது இந்தக் கடைசி நாட்களில்தான். நடுக்கட்டத்தில் மரத்தைப் பார்த்துப் பதறி உரம் போடுவதுதான் தவறு.

உங்கள் மரம் நடுக்கட்டத்தில் நிற்கிறதா, உண்மையிலேயே தேங்கிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்து, அதன் அடிப்பகுதியில் இருக்கும் முதல் காயின் காம்பில் நூல் கட்டி, தேதி குறித்துக்கொள்ளுங்கள். அத்தி கிளையின் அடியிலிருந்து நுனி நோக்கித்தான் பழுக்கும். பிஞ்சு தலைகாட்டியதிலிருந்து பழுக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும், ரகத்தையும் வெயிலையும் பொறுத்து முன்னே பின்னே இருக்கும். அந்த அடிக்காய் அசைந்தால் மற்றவை வரிசையாக வரும். நான்கு மாதம் ஆகியும் அசையவில்லை என்றால் மூன்று காரணங்களை வரிசையாகப் பாருங்கள்.

முதலாவது வெயில். மரத்துக்கு ஒரு நாளில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். போன வருடம் சின்னதாக இருந்த பக்கத்து மரம் இந்த வருடம் நிழல் விரித்திருக்கலாம். சொந்த இலைகளே உட்கிளைகளை மூடியிருக்கலாம். அப்படியானால் மரத்தின் நடுவே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கிளைகளை எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது தழைச்சத்து. இலை தட்டு அளவுக்குப் பெரிதாகி, கரும்பச்சையாக மின்னி, கிளை முழம் முழமாக நீண்டுகொண்டே போனால் மரம் தின்றது அதிகம். பக்கத்தில் புல்தரைக்குப் போட்ட உரத்தையும் அத்தி வேர் எட்டிப் பிடித்துவிடும். தழைச்சத்து உள்ள எதையும் அந்தப் பருவத்துக்கு நிறுத்துங்கள்.

மூன்றாவது பாரம். கணுவுக்குக் கணு காய் இருந்தால் மரம் எல்லாவற்றையும் பாதி பாதியாக வளர்த்துவிட்டு நிற்கும். இதற்குக் கைவைக்கத் துணிய வேண்டும். குளிர் தொடங்கவோ இலை உதிரவோ இரண்டு மாதம்தான் இருக்கிறது என்றால், நுனிப்பக்கம் புதிதாக வந்த கோலிக்குண்டு அளவுக் காய்கள் பழுக்கப் போவதில்லை. அவற்றைக் கிள்ளி எறிந்துவிடுங்கள். கூடவே கிளையின் நுனிக்குருத்தையும் கிள்ளிவிட்டால் மரம் மேலே வளர்வதை விட்டு இருக்கும் காய்க்குச் சத்தை அனுப்பும். நுனியில் பட்டாணி அளவிலும் சிறியதாக ஒட்டியிருப்பவற்றைத் தொட வேண்டாம், அவை தூங்கி எழுந்து அடுத்த பருவத்தின் முதல் காய்ப்பாக வரக்கூடியவை. முதல் முறை கிள்ளும்போது எனக்கு மனசே வரவில்லை. ஒரே ஒரு கிளையில் மட்டும் கிள்ளி, பக்கத்துக் கிளையை அப்படியே விட்டேன். கிள்ளிய கிளையில் ஏழு பழம் வந்தது. விட்ட கிளையில் பதினெட்டுக் காய் பச்சையாகவே சுருங்கி விழுந்தது.

எண்ணெய் வைக்கும் பழைய முறையும் உண்டு, அது நன்றாகவே வேலை செய்யும். நடுக்கட்டம் முடியும் தறுவாயில், காயின் அடியில் இருக்கும் சிறு துளையில், அதாவது கண்ணில், பஞ்சுக் குச்சியால் ஒரு சொட்டுத் தாவர எண்ணெய் தடவினால், காய் தானாக எத்திலீன் வாயுவை வெளியிட்டு முன்கூட்டியே பழுக்கும். கண்ணைச் சுற்றி இலேசாகச் சிவப்போ மஞ்சளோ தட்டும்போதுதான் தடவ வேண்டும். அவசரப்பட்டு முன்பே தடவினால் பழம் சப்பென்று போகும், இல்லை உதிர்ந்துவிடும். முழு மரத்துக்கும் செய்யாமல் நாலைந்து காய்க்கு மட்டும் செய்து பாருங்கள். ஒரே நாளில் எல்லாம் பழுத்து விழாமல் அறுவடையைப் பிரித்துவைக்கவும் இது உதவும்.

பிஞ்சு உதிர்கிறது

எந்த அளவில் உதிர்கிறது என்பதைக் குனிந்து எடுத்துப் பாருங்கள், பாதிப் பதில் அதில் இருக்கும். எல்லா அளவிலும் கலந்து, அதுவும் கடும் வெயில் வாரத்தில் உதிர்ந்தால், தண்ணீர் ஏற்ற இறக்கம். நட்டு இரண்டு மூன்று வருடமே ஆன கன்று என்றால் வேர் இன்னும் தாங்காது, மரமே கழித்துக்கட்டுகிறது, விட்டுவிடுங்கள்.

எல்லாமே ஒரே அளவில், நாணயத்தின் பருமன் வந்ததும் மஞ்சளாகிச் சுருங்கி, உள்ளே வெற்றாக, வருடா வருடம் உதிர்ந்தால் அது ரகத்தின் குணம். ஸ்மிர்னா வகை அத்திக்கு, ஆண் அத்தியிலிருந்து மகரந்தம் சுமந்து வரும் ஒரு நுண்ணிய குளவி இல்லாமல் காய் தங்காது. சான் பெட்ரோ வகை பழைய கிளையில் வரும் முதல் காய்ப்பைத் தானாகவே தரும், இரண்டாவதை உதிர்த்துவிடும். 1880களில் கலிபோர்னியாவில் ஸ்மிர்னா கன்றுகளை நட்டவர்களுக்கு மரம் செழித்ததே தவிரப் பழம் கிடைக்கவில்லை. 1899இல் அந்தக் குளவியை அங்கே நிலைபெறச் செய்த பிறகுதான் மரத்தில் காய் தங்கியது. உங்களிடம் இருப்பது அந்த வகை என்றால் எந்த உரமும் உதவாது. பிரவுன் டர்க்கி, செலஸ்ட், கடோட்டா, பிளாக் மிஷன் போல் தானாகக் காய்க்கும் ரகம் ஒன்றை நடுவதே வழி.

பழுக்கும் நேரத்தில் பழம் வெடிக்கிறது

தோலில் இலேசான வெள்ளை வரிகள் ஓடினால் அது கோளாறு இல்லை, பழம் பக்குவம் ஆகிவிட்டது என்று அர்த்தம். அடியில் கண் பிளந்து சதை வெளியே தெரிந்தால்தான் பிரச்சினை. காய்ந்துகிடந்த மண்ணுக்குத் திடீரென்று நிறையத் தண்ணீர் கிடைத்தால், உள்ளே சதை ஊதும் வேகத்துக்குத் தோல் இடம் கொடுக்காது.

மழையை நிறுத்த முடியாது. மண் காய்ந்து நனைகிற அலைச்சலைக் குறைக்கலாம். அத்தியின் வேர் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் விரிந்திருக்கும், அதனால் மூடாக்கு இதற்கு மிகவும் பிடிக்கும். காய்ந்த இலை, வைக்கோல், மரத்தூள் எதுவானாலும் பத்து சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள், அடிமரத்தை ஒட்டி ஒரு சாண் இடம் விட்டுவிடுங்கள். தண்ணீரை அடிமரத்தில் ஊற்றாமல், இலை நிழல் விழும் ஓரம் வரை சுற்றி விடுங்கள். தினமும் தெளிப்பதைவிட, ஒரு முழ ஆழம் நனையும்படி ஒருமுறை விட்டு, மேல்மண் இரண்டு விரல் ஆழத்துக்குக் காய்ந்த பிறகு அடுத்த முறை விடுவது நல்லது. பழம் ஊதத் தொடங்கியதும் அளவைக் கொஞ்சம் குறைக்கலாம், அடியோடு நிறுத்தக் கூடாது. தொட்டியில் இருக்கும் மரம் என்றால் வெயில் காலத்தில் தினமும் பார்த்தே ஆக வேண்டும்.

பெருமழை வரப்போகிறது என்று தெரிந்தால், முந்தின நாள் மாலை மரத்தடிக்குப் போய், தொட்டால் அமுங்கும் எல்லாவற்றையும் பறித்துவிடுங்கள்.

புளித்த வாடை அடிக்கிறது, கண்ணில் நீர் வடிகிறது

எனக்கு மிகவும் வருத்தம் தரும் கோளாறு இது. காத்திருந்து காத்திருந்து, நாளைக்குப் பறிக்கலாம் என்று விட்ட பழத்தில்தான் இது வரும். வெளியிலிருந்து பார்த்தால் அழகாக இருக்கும். கையில் எடுத்தால் கண்ணிலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு திரவம் நுரையோடு கசியும். பிளந்தால் சிவந்த சதை நீர்த்துப்போய்ப் பழுப்பேறி, காடி வாடை குப்பென்று அடிக்கும். சில சமயம் அரிசி அளவில் ஒரு கறுப்பு வண்டு உள்ளிருந்து ஓடும்.

நடப்பது என்னவென்றால், பழம் பக்குவம் ஆகும்போது கண் திறந்துகொள்ளும். அந்த வழியே பழ ஈயும் சாறு குடிக்கும் சிறு வண்டுகளும் உள்ளே போகும். காலோடும் உடம்போடும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் போகும். உள்ளே இருக்கும் சர்க்கரை புளிக்க ஆரம்பித்துவிடும். ஒரு பழம் புளித்து வாடை கிளம்பினால் அக்கம்பக்கத்து ஈயெல்லாம் அங்கே வரும், அடுத்த பழத்துக்குப் போகும்.

கண்ணில் கசியும் திரவத்தைத் தேனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நல்ல பழத்தின் கண்ணில் நிற்பது தெளிவான, பிசுபிசுப்பான ஒற்றைச் சொட்டு, வாடை இருக்காது. புளித்ததில் இருப்பது மங்கலாக, நீர்த்து, ஓடும்.

தீர்வுக்கு முதல் படி தரை. விழுந்த பழம், கிளையிலேயே காய்ந்து ஒட்டிய பழம், பறவை கொத்திவிட்டுப் போன பழம் எல்லாவற்றையும் அன்றைக்கு அன்றே பொறுக்கி, ஆழமாகப் புதையுங்கள் அல்லது மூடிய வாளியில் போடுங்கள். திறந்த உரக்குழியில் மேலாகக் கொட்டினால் ஈயை வளர்த்த மாதிரிதான். இரண்டாவது படி பறிப்பு. காய்ப்பு மும்முரமாக இருக்கும்போது தினமும், குறைந்தது ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். காலை நேரம் நல்லது. இந்த இரண்டையும் ஒரு வாரம் விடாமல் செய்தாலே வாடை நின்றுவிடும். பூச்சிமருந்து வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஈ பழத்துக்குள் இருக்கிறது, மருந்து வெளித்தோலில்தான் படும், நாளை அந்தத் தோலோடுதான் நீங்கள் சாப்பிடப்போகிறீர்கள்.

வருடா வருடம் இதே கதை என்றால் உங்கள் ரகத்தின் கண் பெரியது. செலஸ்ட் போலக் கண் இறுகிய ரகங்களில் இந்தத் தொல்லை குறைவு.

எப்போது பறிப்பது என்று தெரியவில்லை

இது கோளாறு இல்லைதான், ஆனால் மேலே சொன்ன பல கோளாறுகளுக்கு வேர் இங்கே இருக்கிறது. அத்தியைக் காயாகப் பறித்து வீட்டில் பழுக்க வைக்க முடியாது. மென்மையாகும், இனிப்பு ஏறாது.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், சில ரகங்கள் பழுத்தும் பச்சையாகவே இருக்கும். கழுத்தைப் பாருங்கள். காய் காம்பிலிருந்து விறைத்து நிற்கும். பழுத்ததும் கழுத்து தளர்ந்து, தலை குனிந்து தொங்கும். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி மெதுவாக மேல்நோக்கித் தூக்குங்கள். பழுத்ததாக இருந்தால் எதிர்ப்பில்லாமல் கையோடு வரும், காம்பில் பால் வராது அல்லது துளி மட்டும் வரும். வெள்ளைப் பால் வடிந்தால் ஒன்றிரண்டு நாள் அவசரப்பட்டுவிட்டீர்கள்.

கிளை வளைந்து தரையைத் தொடுகிறது

அத்தியின் கட்டை மென்மையானது, காற்றோடு மழையும் சேர்ந்தால் கவட்டையிலேயே கிழியும். வளைந்ததைப் பார்த்தவுடன் கயிறு தேட வேண்டாம். முதலில் நுனிப்பக்கத்துக் காய்களை எடுத்துப் பாரத்தைக் குறையுங்கள். நுனியில் இருக்கும் அரைக்கிலோ, அடியில் இருக்கும் இரண்டு கிலோவைவிட அதிகமாக இழுக்கும். பிறகு கவட்டையுள்ள கழியால் முட்டுக் கொடுங்கள். கழி தொடும் இடத்தில் சாக்கோ பழைய துணியோ மடித்து வையுங்கள். கம்பி கட்டவே கூடாது, ஒரே பருவத்தில் பட்டைக்குள் புதைந்துவிடும்.

கிளை ஏற்கெனவே கிழிந்துவிட்டதா? சேர்த்துக் கட்டி ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள். கிழிசலுக்குள் தண்ணீர் தங்கி அழுகும். காய் போனாலும் பரவாயில்லை, நல்ல கட்டை வரை சுத்தமாக அறுத்துவிடுங்கள். கனமான கிளை என்றால் முதலில் அடிப்பக்கம் ஒரு வெட்டுப் போட்டு, பிறகு மேலிருந்து அறுங்கள். இல்லாவிட்டால் விழும்போது பட்டையை உரித்துக்கொண்டு போகும்.

மரம் எட்டாத உயரம் போய்விட்டது

எட்டாத பழம் பறிக்காத பழம், பறிக்காத பழம் புளித்த பழம். ஆகவே உயரத்தைக் குறைப்பது பூச்சிக் கட்டுப்பாடும்கூட. இலை உதிர்ந்து மரம் ஓய்ந்திருக்கும்போது கவாத்து செய்யுங்கள். இலை முழுதாக உதிராத இடங்களில் அறுவடை முடிந்தவுடன் செய்யலாம். மூன்றிலிருந்து ஐந்து முக்கியக் கிளைகளை விட்டு, நடுவைத் திறந்த கிண்ணம் போல ஆக்குங்கள். அடியிலிருந்து நேராகக் கிளம்பும் போத்துகளை ஒட்ட அறுத்துவிடுங்கள்.

எதை இழக்கிறோம் என்று தெரிந்துகொண்டு வெட்ட வேண்டும். முதல் காய்ப்பு போன வருடத்துக் கிளையில் வரும். முக்கியக் காய்ப்பு இந்த வருடத்துப் புதுக் கிளையில் வரும். பழைய கிளை எல்லாவற்றையும் குறைத்தால் முதல் காய்ப்பு போகும், இரண்டாவது தப்பாமல் வரும். காய்ப்பு தாங்க முடியாத அளவுக்கு இருக்கும் மரத்தில் அது நல்லதுதான். ஆனால் ஒரே வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். வெட்டினால் மறுபருவம் காயே இல்லாமல் ஆள் உயரத்துக்குப் போத்து கிளம்பும். திடீரென்று வெயில் படும் பட்டைக்குச் சுண்ணாம்பு பூசிவிடுங்கள், இல்லையென்றால் வெந்து வெடிக்கும்.

கையில் சிவந்து கொப்புளம்

கவாத்து செய்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ கை எரிந்து, சிவந்து, கொப்புளித்தால் அது அத்திப் பாலின் வேலை. இலையிலும் கிளையிலும் வரும் பாலில் உள்ள சோரலென் போன்ற பொருள்கள் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் தீக்காயம் போல ஆகும். நான் ஒருமுறை அரைக்கைச் சட்டையோடு நண்பகலில் வெட்டினேன். முழங்கைக்குக் கீழே பால் ஓடிய கோடுகள் அப்படியே கொப்புளமாக எழுந்தன, கறுத்த தழும்பு மறையப் பல மாதம் ஆனது. முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி போட்டு, வெயில் சாய்ந்த பிறகு வெட்டுங்கள். பால் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு நாள் அந்த இடத்தில் வெயில் படாமல் மூடிவையுங்கள். பெரிய கொப்புளம் என்றாலோ கண்ணில் பட்டாலோ மருத்துவரிடம் போங்கள். குழந்தைகள் மரத்தடியில் இலையைக் கிள்ளி விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பறவை, அணில், எறும்பு

முழு மரத்துக்கும் வலை போட்டால் பறவை சிக்கி உயிர்விடும் ஆபத்து இருக்கிறது. சுண்டுவிரல் நுழையாத சிறுகண் வலையாகப் பார்த்து, தளர்வாகத் தொங்கவிடாமல் இழுத்துக் கட்டுங்கள். எனக்குப் பிடித்தது சின்ன வலைத்துணிப் பைகள். ஊதத் தொடங்கும் பழத்துக்கு மட்டும் மாட்டி, பறித்ததும் அடுத்ததற்கு மாற்றலாம், ஐம்பது பை இருந்தால் ஒரு மரத்துக்குப் போதும். அணில் பையையும் கிழிக்கும். அதற்கு ஒரு நாள் முன்னதாகப் பறிப்பதைத் தவிர நல்ல வழி நான் பார்க்கவில்லை. எறும்புக்கு அடிமரத்தில் துணிப்பட்டை கட்டி அதன்மேல் ஒட்டுப்பசை தடவுங்கள். நேராகப் பட்டையில் தடவ வேண்டாம். தரையைத் தொடும் கிளையை எறும்பு பாலமாக்கிக்கொள்ளும், அதையும் பாருங்கள்.

இலையில் புள்ளி, மஞ்சள், உதிர்வு

இலையைத் திருப்பிப் பாருங்கள். மேலே மஞ்சள் புள்ளி, அடியில் துருநிறப் பொடி, விரலில் ஒட்டினால் அது துரு நோய். ஈரப்பதம் அதிகமான காலத்தில் வரும். பழம் முடிந்த பிறகு வந்தால் கவலை வேண்டாம், உதிர்ந்த இலையை முழுதாகக் கூட்டி அகற்றினால் போதும். காய் இருக்கும்போதே மரம் மொட்டையாகிறது என்றால், அடுத்த பருவத்தில் புது இலை விரிந்ததுமே, நோய் வரும் முன், தாமிரம் கலந்த பூஞ்சணக்கொல்லியை அதன் உறையில் சொன்ன அளவில் தெளியுங்கள்.

திட்டுத் திட்டாக வெளிர்மஞ்சளாகி இலை கோணிக்கொண்டால் தேமல் நோய். வைரஸ், மருந்து கிடையாது, நுண்சிலந்தியாலும் போத்துகளாலும் பரவும். நன்றாகக் காய்த்தால் மரத்தை வைத்துக்கொள்ளலாம், அதிலிருந்து போத்து எடுத்து யாருக்கும் கொடுக்காதீர்கள்.

அடிமரத்தில் துளையும் மரத்தூளும் தெரிந்தால் துளைப்பான் புழு. மெல்லிய கம்பியைத் துளைக்குள் விட்டுக் குத்தி எடுத்து, களிமண்ணால் அடைத்துவிடுங்கள். மரம் காரணமில்லாமல் நலிந்து, தோண்டிப் பார்த்தால் வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. மட்கு, மூடாக்கு, தவறாத தண்ணீர் கொடுத்துத் தாங்கவைக்கலாம், ஒழிக்க முடியாது. அதே குழியில் மறுபடி அத்தி நட வேண்டாம்.

பறித்துக்கொண்டே இருக்கிறேன், கூடை காலியாகவில்லை

பழுத்த அத்தி வெளியே ஒரு நாள் தாங்கும், குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாள். ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், கழுவாமல், ஒரே அடுக்காகப் பரப்பிவையுங்கள். உண்ணும்போது கழுவிக்கொள்ளலாம். உறையவைப்பது எளிது. தட்டில் தனித்தனியாக உறையவிட்டு, பிறகு பையில் போட்டால் ஒட்டிக்கொள்ளாது.

உலர்த்துவதற்கு இரண்டாகப் பிளந்து, வெட்டிய பக்கம் மேலாக, உலர்த்தியில் 57 முதல் 60 டிகிரி செல்சியசில் வையுங்கள். துண்டின் பருமனைப் பொறுத்து எட்டு மணி நேரத்திலிருந்து ஒரு நாள் வரை ஆகலாம். மடித்துப் பிழிந்தால் நீர் வராமல், தோல் போல வளைய வேண்டும். ஆறிய பிறகு கண்ணாடிப் புட்டியில் முக்கால் பங்கு நிரப்பி, ஒரு வாரம் தினமும் குலுக்குங்கள். புட்டியின் உள்பக்கம் ஈரம் பூத்தால் எடுத்து மறுபடி உலர்த்துங்கள்.

பாகில் போட்டு, புட்டியில் அடைத்து, வெந்நீரில் கொதிக்கவைத்துச் சேமிப்பவர்கள் ஒன்றை விட்டுவிடவே கூடாது. அத்தியில் புளிப்பு குறைவு. அமிலம் போதாத புட்டிக்குள், காற்று இல்லாத இடத்தில் நஞ்சு உண்டாக்கும் கிருமி வளர வழி இருக்கிறது. புளிப்பு கூடக் கூடக் குறையும் பிஎச் அளவு 4.6க்குக் கீழே இருந்தால்தான் பாதுகாப்பு. அதற்காக அரை லிட்டர் புட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி, புட்டியில் விற்கும் எலுமிச்சைச் சாறு சேர்க்க வேண்டும். எலுமிச்சம்பழத்தை நாமே பிழிந்த சாற்றில் புளிப்பு கூடிக் குறையும், புட்டிச் சாற்றில் ஒரே சீராக இருக்கும். மூடி உப்பிய புட்டியை ருசி பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.